மறைசாட்சி யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறைக்கல்வி வகுப்பிலும், திருவிழா மறையுரை முடிந்த பிறகும், இணையத்திலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம். கத்தோலிக்கர் மறைசாட்சி, வேதசாட்சி என்பார்கள், சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் இரத்தசாட்சி என்பதே வழக்கு. மூன்றும் ஒருவரையே குறிக்கும். விவிலிய நூல்களின் பெயர்களைப் பொது மொழிபெயர்ப்பின்படி கொடுத்திருக்கிறோம்.

கிறிஸ்தவர் ஒருவர் கொல்லப்பட்டாலே அவர் மறைசாட்சிதானா?

இல்லை. திருச்சபை மூன்று காரியங்களைப் பார்க்கிறது. அவர் உண்மையிலேயே கொல்லப்பட்டாரா, அல்லது சித்திரவதையின் விளைவாக இறந்தாரா? கொன்றவரைத் தூண்டியது கிறிஸ்தவ நம்பிக்கையின் மீதோ, அந்த நம்பிக்கை கேட்கும் நன்னெறியின் மீதோ இருந்த வெறுப்பா? இறந்தவர் கிறிஸ்துவுக்காக அந்தச் சாவை மனமார ஏற்றாரா? மூன்றும் சேர வேண்டும். நிலத்தகராறில் வெட்டப்பட்ட உபதேசியார் எவ்வளவு பக்திமானாக இருந்திருந்தாலும் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

பேதுருவின் முதல் திருமுகம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது (4:15-16): உங்களில் எவரும் கொலைகாரராகவோ திருடராகவோ துன்பப்பட வேண்டாம், கிறிஸ்தவராக இருப்பதால் துன்பப்பட்டால் வெட்கப்பட வேண்டாம். ஒருவரை மறைசாட்சியாக்குவது தண்டனை அல்ல, காரணமே என்று புனித அகுஸ்தீன் பலமுறை வற்புறுத்தினார். கொல்கொதாவில் மூன்று சிலுவைகள் நின்றன. தண்டனை மூவருக்கும் ஒன்றுதான்.

இதோடு பவுலின் எச்சரிக்கையையும் சேர்த்து வாசிக்க வேண்டும். உடலையே எரிக்கக் கொடுத்தாலும் அன்பு இல்லையென்றால் பயன் ஒன்றுமில்லை (1 கொரிந்தியர் 13:3). வீம்புக்காகவோ, பகைவனைத் தலைகுனிய வைப்பதற்காகவோ செத்தவரை மறைசாட்சி என்று சொல்ல விவிலியம் இடம் தருவதில்லை.

முதல் மறைசாட்சி ஸ்தேவான் என்கிறோம். அவர் எதற்காகக் கொல்லப்பட்டார்?

திருத்தூதர் பணிகள் 6, 7 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். திருவிழா நாளில் கல்லெறியும் பகுதியை மட்டும் கேட்டுவிட்டு வருவதால் பலருக்கு முக்கியமான இடம் தவறிப்போகிறது. கிறிஸ்துவை மறுதலி என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கோவிலையும் மோசேயின் சட்டத்தையும் பழித்தார் என்பதுதான் குற்றச்சாட்டு (6:13-14). அவர் பதிலாகத் தந்த உரை அந்த நூலிலேயே மிக நீளமானது. ஆபிரகாமுக்கு மெசப்பொத்தாமியாவில், யோசேப்புக்கு எகிப்தில், மோசேக்குச் சீனாய் மலைப் பாலைநிலத்தில் கடவுள் துணை நின்றார் என்று வரிசையாகச் சொல்லி, கடவுள் ஒரு கட்டடத்துக்குள் அடங்குபவர் அல்லர் என்று முடித்தார். இயேசுவைக் குறித்த அறிக்கை அந்த உரையிலிருந்துதான் வெடிக்கிறது.

சாகும்போது அவர் சொன்ன இரண்டு வார்த்தைகளும் லூக்கா நற்செய்தியில் இயேசு சிலுவையில் சொன்னவற்றின் எதிரொலி: என் ஆவியை ஏற்றுக்கொள்ளும், இந்தப் பாவத்தை இவர்கள்மேல் சுமத்தாதிரும். இரண்டாவது வார்த்தையின் எடை புரிய 2 குறிப்பேடு 24:20-22 பக்கத்தைத் திருப்ப வேண்டும். அங்கே செக்கரியா என்பவர் ஆண்டவரின் இல்ல முற்றத்திலேயே கல்லெறிந்து கொல்லப்படுகிறார். ஆண்டவர் இதைக் கண்டு பழிவாங்குவாராக என்று சொல்லிச் சாகிறார். இயேசுவே அவரை நினைவுகூர்கிறார் (லூக்கா 11:51). இருவரும் கல்லெறிபட்டே இறந்தார்கள். கடைசி மன்றாட்டு மட்டும் மாறிவிட்டது. சிலுவைக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு அதுதான். மன்னிப்பு மறைசாட்சியத்துக்கு மேலே சூட்டிய அணிகலன் அல்ல, அதன் உயிர்நாடி என்று நாங்கள் கருதுவது இதனால்தான்.

அப்படியானால் திருவெளிப்பாடு 6:10-இல் கொல்லப்பட்டவர்கள் பழிவாங்கும்படி கூக்குரலிடுகிறார்களே?

அவர்கள் நீதியைக் கடவுளிடம் கேட்கிறார்கள். தங்கள் கையில் எடுக்கவில்லை. அவர்களுக்குக் கிடைக்கும் பதில் ஒரு வெண்ணிற அங்கியும், இன்னும் சிறிது காலம் பொறுத்திருங்கள் என்ற சொல்லும். கொலை நடந்ததை மறைத்துவிடுவது மன்னிப்பு ஆகாது. ஸ்தேவானின் மன்னிப்பும் இந்தக் கூக்குரலும் ஒரே விவிலியத்தில் இருப்பது நல்லது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒருபக்கம் வெறும் கனிவு, மறுபக்கம் வெறும் கோபம்.

பழைய ஏற்பாட்டில் மறைசாட்சிகள் உண்டா?

உண்டு. 2 மக்கபேயர் 6-ஆம் அதிகாரத்தில் வரும் எலயாசர் தொண்ணூறு வயது முதியவர். பன்றி இறைச்சியை உண்பதுபோல் நடித்தால் போதும், உயிர் தப்பலாம் என்று நண்பர்களே சொல்கிறார்கள். இளைஞர்களை ஏமாற்றிய பழி எனக்கு வேண்டாம் என்று மறுக்கிறார். அடுத்த அதிகாரத்தில் ஒரு தாயும் ஏழு மகன்களும். இறந்தோர் உயிர்த்தெழுவர் என்ற நம்பிக்கை பழைய ஏற்பாட்டில் மிகத் தெளிவாகப் பேசப்படும் இடங்களில் இது ஒன்று. சீர்திருத்தச் சபைகளின் விவிலியத்தில் இந்நூல் இல்லை. ஆனாலும் எபிரேயர் 11:35 இவர்களைத்தான் மனத்தில் வைத்துப் பேசுகிறது என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து. தானியேல் 3-இல் தீச்சூளையில் போடப்பட்ட மூவர் உயிர் பிழைத்தார்கள். ஆனால் கடவுள் எங்களை விடுவிக்காவிட்டாலும் சிலையை வணங்கமாட்டோம் என்ற அவர்கள் வார்த்தை எல்லா மறைசாட்சிகளுக்கும் பொதுவானது.

பன்னிரு திருத்தூதரும் கொல்லப்பட்டதாக விவிலியம் சொல்கிறதா?

சொல்லவில்லை. மறையுரையில் அடிக்கடி நடக்கும் தவறு இது. விவிலியம் நேரடியாகப் பதிவுசெய்வது ஒரே ஒரு திருத்தூதரின் கொலையை: செபதேயுவின் மகன் யாக்கோபை ஏரோது வாளால் கொன்றான் (திருத்தூதர் பணிகள் 12:2). பேதுருவின் சாவு யோவான் 21:18-19-இல் முன்னறிவிப்பாக மட்டுமே வருகிறது. பவுல் தன் சாவு நெருங்கியதைச் சொல்கிறார் (2 திமொத்தேயு 4:6). அதன் விவரத்தை நூல் சொல்வதில்லை. இருவரும் உரோமைப் பேரரசன் நீரோ காலத்தில் உரோமையில் கொல்லப்பட்டார்கள் என்பது மிகப் பழைய, உறுதியான மரபு. திருத்தூதர் யோவான் முதுமையில் எபேசில் இயல்பாக இறந்தார் என்கிறது மரபு. தோமா ஈட்டியால் குத்தப்பட்டதை மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த தோமா பணிகள் என்ற நூல் சொல்கிறது. மயிலாப்பூரையும் பரங்கிமலையையும் அதோடு இணைப்பது இங்குள்ள கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் மரபு. மரபை மரபு என்று சொல்லியே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். அப்படிச் செய்வதால் அவர்கள் பக்தி குறையாது.

மறைசாட்சியாக விரும்பி, தானே போய் மாட்டிக்கொள்ளலாமா?

கூடாது. இந்த விடையில் தொடக்கத் திருச்சபை வியப்பூட்டும் அளவுக்குக் கண்டிப்பாக இருந்தது.

ஒரு நகரில் துன்புறுத்தினால் வேறு நகருக்கு ஓடிப்போங்கள் என்று இயேசுவே கட்டளையிட்டார் (மத்தேயு 10:23). பவுல் தமஸ்கு நகர மதிலிலிருந்து கூடையில் இறங்கித் தப்பினார். பின்னர் உரோமைக் குடியுரிமையைக் காட்டினார், சீசரிடம் மேல்முறையீடும் செய்தார். சட்டம் தரும் பாதுகாப்பைப் பயன்படுத்துவது கோழைத்தனமல்ல. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கத் தயங்கும் பங்குகளுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

சுமார் 155-இல் இன்றைய துருக்கியின் இஸ்மீர், அன்றைய சிமிர்னாவில் கொல்லப்பட்ட ஆயர் பொலிக்கார்ப்பு பற்றி அவருடைய சபையே எழுதிய மடல் இன்றும் இருக்கிறது. குயிந்து என்ற ஒருவன் தானாகவே போய்ச் சரணடைந்து, பிறரையும் தூண்டி, அரங்கில் காட்டு விலங்குகளைக் கண்டதும் நடுங்கி உரோமைத் தெய்வங்களுக்குப் பலி செலுத்திவிட்டான் என்று அது பதிவுசெய்கிறது. தாங்களாகவே முன்வருபவர்களை நாங்கள் புகழ்வதில்லை, நற்செய்தி அப்படிக் கற்பிக்கவில்லை என்றும் எழுதியது. பொலிக்கார்ப்போ நண்பர்கள் சொற்கேட்டு ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் ஒளிந்தார், பிறகு இன்னொன்றுக்கு மாறினார். கண்டுபிடிக்கப்பட்டதும், பிடிக்க வந்தவர்களுக்கு உணவு பரிமாறச் சொல்லிவிட்டு, செபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். எண்பத்தாறு ஆண்டுகள் பணிசெய்த என் அரசராகிய கிறிஸ்துவை எப்படிப் பழிப்பேன் என்று ஆளுநரிடம் கேட்டது அதற்குப் பிறகுதான்.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேசு நகர ஆயர் சிப்ரியான் 250-இல் உரோமைப் பேரரசன் தேசியு காலத் துன்புறுத்தலில் தலைமறைவானார். பலர் ஏளனம் செய்தார்கள். மறைவிடத்திலிருந்தே மடல்கள் எழுதிச் சபையை நடத்தினார். 258 செப்டம்பர் 14-இல் தலை வெட்டப்படும்போது, வெட்டுபவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கச் சொன்னார். முதலில் தப்பியதும் பிறகு நின்றதும் ஒரே மனிதர், ஒரே நம்பிக்கை.

இன்னொரு எல்லையும் உண்டு. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் எல்விரா சங்கம், சிலைகளை உடைக்கப் போய் அந்த இடத்திலேயே கொல்லப்படுபவரை மறைசாட்சிகள் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று விதித்தது. பிறர் வழிபாட்டைச் சீண்டி வாங்கிக்கொண்ட சாவு அந்தப் பெயருக்கு உரியதல்ல. அப்படியிருக்க, பிறரைக் கொன்றுகொண்டே சாகிறவரைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை.

மறைசாட்சிக்குப் பயமே இருக்காதா?

இருக்கும். கெத்சமனியில் இயேசுவே திகிலுற்றார். இக்கிண்ணத்தை அகற்றும் என்று மன்றாடினார் (மாற்கு 14:33-36). 203 மார்ச் 7-இல் கார்த்தேசில் பெர்பெத்துவாவோடு கொல்லப்பட்ட அடிமைப் பெண் பெலிசித்தா, சிறையில் பிரசவ வலியில் கதறினார். இதற்கே கதறுகிறாயே, விலங்குகள் முன் என்ன செய்வாய் என்று காவலன் கேட்டான். இப்போது படுவதை நான் படுகிறேன். அங்கே எனக்காகப் படுபவர் ஒருவர் எனக்குள் இருப்பார் என்றார் அவர். மறைசாட்சியம் மனித துணிச்சலின் சாதனை அல்ல, கொடை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எங்களுக்குத் தெரியாது.

பயந்து மறுதலித்துவிட்டால் மன்னிப்பு உண்டா?

உண்டு. மூன்று முறை மறுதலித்த பேதுருவிடமே ஆடுகள் ஒப்படைக்கப்பட்டன. தேசியுவின் ஆணைப்படி ஒவ்வொருவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டதாகச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பாப்பிரசுச் சீட்டுகள் 40-க்கும் மேல் எகிப்தில் கிடைத்துள்ளன. கிறிஸ்தவர்களில் சிலர் பலியிட்டார்கள், சிலர் சாம்பிராணி மட்டும் போட்டார்கள், சிலர் இலஞ்சம் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கினார்கள். துன்புறுத்தல் தணிந்ததும் இவர்களை என்ன செய்வது என்று சபை பிளவுபடும் அளவுக்குச் சண்டை வந்தது. சேர்க்கவே கூடாது என்றது ஒரு கட்சி. உடனே சேர்க்கலாம் என்றது இன்னொன்று. குற்றத்தின் அளவுக்கேற்ற தவமுயற்சிக்குப் பிறகு சேர்ப்பது என்ற சிப்ரியானின் வழியே நிலைத்தது.

நீதிக்காகவோ கற்பு நெறிக்காகவோ கொல்லப்பட்டவர்கள்?

திருமுழுக்கு யோவானிடம் தொடங்குங்கள். ஏரோது அவரிடம் இயேசுவைப் பற்றிக் கேட்கவே இல்லை. சகோதரன் மனைவியை வைத்திருப்பது முறையல்ல என்றார்; தலை போயிற்று (மாற்கு 6:17-29). கடவுளுக்காகச் செய்யும் நற்செயல் எதுவும் நம்பிக்கையின் அறிக்கையே, அதற்காகச் சாவது மறைசாட்சியமே என்று புனித தாமஸ் அக்குவினாஸ் காரணம் காட்டுவதும் இந்த யோவானைத்தான்.

நம் மண்ணில் அருளானந்தர் எனப்படும் ஜான் தெ பிரிட்டோவின் சாவு அப்படியே இதைப் போன்றது. லிஸ்பனில் 1647-இல் பிறந்து மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்த சேசு சபையினர் அவர். மறவர் நாட்டுத் தடியத்தேவர் திருமுழுக்குக் கேட்டபோது, ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்றார். அதனால் விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் மறவர் நாட்டு அரசர் சேதுபதியின் உறவினர். முறையீடு அரண்மனைக்குப் போயிற்று. 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. 1947-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

பிற்காலத்தில் இந்த வழி இன்னும் விரிந்தது. எல் சால்வதோர் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ 1980 மார்ச் 24-இல் திருப்பலியின்போது சுடப்பட்டார். சுட வைத்தவர்களும் கத்தோலிக்க நாட்டினரே என்பதால், நம்பிக்கை மீது வெறுப்பு எங்கே இருக்கிறது என்ற வாதம் பல ஆண்டுகள் ஓடியது. ஏழைகள் பக்கம் நின்ற நற்செய்தியை வெறுத்தார்களே என்பதே முடிவாக, 2015-இல் மறைசாட்சியாக, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டமும் 2018-இல் புனிதர் பட்டமும் வந்தன. கேரளத்தில் பிறந்த அருள்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகள் வட்டிக்காரர் பிடியிலிருந்து விடுபட உழைத்ததற்காக 1995 பிப்ரவரி 25-இல் ஓடும் பேருந்தில் குத்திக் கொல்லப்பட்டார். 2017-இல் இந்தூரில் அருளாளரானார். கொன்றவரை அவருடைய குடும்பமே மன்னித்து ஏற்றுக்கொண்டது.

கொன்றவர்கள் அரசியல் குற்றம் சாட்டியிருந்தால்?

பெரும்பாலும் அப்படித்தான் சாட்டுவார்கள். இயேசுவின் சிலுவைமேல் எழுதிவைத்த குற்றமே "யூதரின் அரசன்" என்பதுதான்.

தேவசகாயம் விஷயத்தில் இந்தக் கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது. 1712-இல் நட்டாலத்தில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். டச்சுத் தளபதி தெ லன்னாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர். 1749-இல் கைதாகி, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டார். அரச துரோகம் செய்தார் என்ற குற்றச்சாட்டு உண்டு என்பதைக் கத்தோலிக்கர் மறைக்கத் தேவையில்லை. இப்படிப்பட்ட வழக்கில் விசாரணை கேட்பது ஒன்றே: நம்பிக்கையைக் கைவிட்டிருந்தால் விட்டிருப்பார்களா? காரணங்கள் கலந்திருந்தாலும் மேலோங்கி நின்றது எது? ஆவணங்களை அலசிய பிறகே 2012 டிசம்பர் 2-இல் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம், 2022 மே 15-இல் உரோமையில் புனிதர் பட்டம். இறந்து 270 ஆண்டுகள்.

எதுவும் கேட்கப்படாமலே குண்டுவெடிப்பில் இறந்தவர்களை எப்படி எண்ணுவது?

இது கடினமான கேள்வி. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் இறந்தவர்களை நினைத்தே பலர் கேட்கிறார்கள். கொன்றவரின் நோக்கம் அங்கே தெளிவு. இறந்தவர் மனத்தால் ஏற்றாரா என்பதற்குத்தான் சாட்சி கிடைப்பதில்லை. பெத்லகேமில் ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளை (மத்தேயு 2:16) மறைசாட்சிகளாகவே திருச்சபை கொண்டாடுகிறது என்பது ஒருபுறம். வளர்ந்தவர்களுக்கு மனச்சம்மதம் கேட்கப்படும் என்பது மறுபுறம். 2025-இல் அந்த இரு கத்தோலிக்க ஆலயங்களில் இறந்தவர்களின் பெயர்கள் வத்திக்கானின் நம்பிக்கையின் சாட்சிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அது மதிப்புக்குரிய நினைவு. புனிதர் பட்டத்துக்கான தீர்ப்பு அல்ல. இரண்டையும் குழப்பாதீர்கள்.

பிறருக்காக உயிர் கொடுத்தவர்? சிறையில் நோயுற்று இறந்தவர்?

அவுஷ்விட்ஸ் முகாமில் ஒரு குடும்பத்தலைவருக்குப் பதிலாகப் பட்டினிச் சிறைக்குப் போய் 1941 ஆகஸ்ட் 14-இல் இறந்த மாக்சிமிலியன் கோல்பே, 1971-இல் அருளாளரானபோது மறைசாட்சியாக எண்ணப்படவில்லை. 1982-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை மறைசாட்சி என்றே புனிதராக்கினார். 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ் "உயிர்க்கொடை" என்ற தனி வழியைத் திறந்தார்: நோயாளிகளுக்குப் பணிசெய்து, சாவு உறுதி என்று தெரிந்தும் விலகாதவர்கள் இதில் வருவார்கள். வெறுத்தவர் எவரும் இல்லாததால் இது மறைசாட்சியம் ஆகாது. அருளாளர் பட்டத்துக்கு அவரது பரிந்துரையால் நடந்த ஒரு புதுமையும் (அற்புதமும்) தேவை.

சிறைக் கொடுமையால் இறந்தவர், அந்தக் கொடுமையே சாவுக்குக் காரணம் என்று நிறுவப்பட்டால், மறைசாட்சியே. துன்புறுத்தப்பட்டும் உயிரோடு மீண்டவர்களைப் பழைய திருச்சபை "அறிக்கையிட்டோர்" என்று தனியாக மதித்தது.

திருமுழுக்குப் பெறுமுன் கொல்லப்பட்டால்?

கிறிஸ்துவுக்காகச் சிந்திய இரத்தமே திருமுழுக்கு. கத்தோலிக்கத் திருச்சபை மறைக்கல்வி நூலின் 1258-ஆம் எண் இதைச் சொல்கிறது.

வேறு சபையினரையும் மறைசாட்சிகளாக மதிக்கலாமா?

மதிக்க வேண்டும். உகாண்டாவில் 1886 ஜூன் 3-இல் நமுகொங்கோவில் சார்லஸ் லுவாங்காவோடு எரிக்கப்பட்டவர்களில் ஆங்கிலிக்கரும் இருந்தார்கள். கத்தோலிக்கர் 22 பேரை 1964-இல் புனிதராக்கிய திருத்தந்தை ஆறாம் பவுல், அதே திருப்பலியில் ஆங்கிலிக்க மறைசாட்சிகளையும் நினைவுகூர்ந்தார். 2015 பிப்ரவரியில் லிபியக் கடற்கரையில் கழுத்தறுக்கப்பட்ட 21 பேரில் 20 பேர் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள், ஒருவர் கானா நாட்டவர். காப்டிக் திருச்சபை உடனே அவர்களை மறைசாட்சிகளாக ஏற்றது. 2023-இல் கத்தோலிக்கரின் உரோமை மறைசாட்சியர் ஏட்டிலும் அவர்கள் பெயர் சேர்ந்தது.

லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகள் இரத்தசாட்சிகளை நன்றியோடு நினைவுகூரும், அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றச் சொல்லும். ஆனால் அவர்களிடம் வேண்டுதல் செய்வதில்லை. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்சும் அவர்களின் பரிந்துரையைக் கேட்பார்கள். வேறுபாடு இந்த இடத்தில்தான். மறைசாட்சி யார் என்பதில் அதிகம் இல்லை.

எங்கள் பகுதியில் நம்பிக்கைக்காக ஒருவர் கொல்லப்பட்டார். பங்கு என்ன செய்யலாம்?

ஆவணங்களில் தொடங்குங்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு, திருமுழுக்குப் பதிவேட்டின் நகல், அவர் எழுதிய கடிதங்கள் என அனைத்தின் மூலத்தையும் மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் வையுங்கள்; பங்கில் நகல் போதும். நேரில் கண்டவர்களிடம் தனித்தனியே, தேதியிட்டு, கையொப்பத்தோடு வாக்குமூலம் வாங்குங்கள். எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால் ஒருவர் சொன்னதை மற்றவர் தன் நினைவாகவே சொல்லத் தொடங்குவார். பிற்பாடு அந்தச் சாட்சியம் எடை இழக்கும். தேதி, நேரம் முரண்பட்டால் திருத்தாமல் முரண்பாட்டையே பதிவுசெய்யுங்கள். அவருடைய குறைகளைச் சொல்பவரையும் கேளுங்கள். குற்ற வழக்கு நடந்துகொண்டிருந்தால் சாட்சிகளிடம் பேசுமுன் வழக்கறிஞரிடம் கலந்துகொள்ளுங்கள்.

பிறகுதான் முறையான வழி. இறந்து ஐந்து ஆண்டுகள் கடந்த பின், அவர் இறந்த மறைமாவட்டத்தின் ஆயரிடம் விண்ணப்பம் தரப்படும். அதற்கென ஒரு பொறுப்பாளரை நியமிப்பார்கள். உரோமையின் தடையில்லா இசைவு வந்ததும் இறந்தவர் "இறை ஊழியர்" எனப்படுவார். அச்சான எழுத்துகளை இறையியலாளர்கள் படிப்பார்கள். வரலாற்று வல்லுநர் குழு ஆவணம் தேடும். சாட்சிகள் சத்தியப் பிரமாணத்தின்மேல் பேசுவார்கள். முத்திரையிட்ட கோப்பு உரோமைக்குப் போகும். அங்கே விரிவான தொகுப்பு தயாராகி, இறையியலாளர், பிறகு கர்தினால்களும் ஆயர்களும், இறுதியில் திருத்தந்தை. மறைசாட்சி என்று முடிவானால் அருளாளர் பட்டத்துக்குப் புதுமை தேவையில்லை. புனிதர் பட்டத்துக்கு ஒன்று தேவை. தேவசகாயத்துக்கு, கருவில் துடிப்பு நின்றதாகச் சொல்லப்பட்ட ஒரு குழந்தை பிழைத்ததே ஏற்கப்பட்டது.

எது கெடுக்கும்? அவசரப்பட்ட பொது வணக்கம். திருத்தந்தை எட்டாம் உர்பான் 1634-இல் விதித்த விதி இன்றும் நிற்கிறது: திருச்சபை தீர்ப்பளிக்குமுன் பொது வணக்கம் கூடாது. அப்படி நடக்கவில்லை என்று ஆயர் தனியாகவே விசாரித்து அறிவிக்க வேண்டும். ஒளிவட்டம் போட்ட படத்தைப் பீடத்தில் வைப்பது, கொடியேற்றித் திருவிழா எடுப்பது, பெயரில் மன்றாட்டு மாலை அச்சிடுவது, "புனிதர்" என்று பலகை எழுதுவது ஆகியவை ஆர்வத்தில் செய்யப்படுபவை. அவரது வழக்கையே தாமதப்படுத்தும். கல்லறையில் பூ வைத்துத் தனியாகச் செபிக்கலாம், நினைவு நாளில் இறந்தோருக்கான திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம், வாழ்க்கைக் குறிப்பை அச்சிடலாம், பெற்ற உதவிகளைத் தேதியோடு எழுதி வைக்கலாம்.

மறைசாட்சிகளின் இரத்தம் திருச்சபையின் வித்து என்பது எப்போதும் உண்மையா?

சுமார் 197-இல் வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் உரோமை ஆளுநர்களுக்கு எழுதியது: எங்களை அறுக்க அறுக்கப் பெருகுகிறோம், கிறிஸ்தவர்களின் இரத்தம் வித்து. ஸ்தேவான் சாவுக்குப் பின் சிதறியவர்கள் போன இடமெல்லாம் நற்செய்தி அறிவித்தார்கள் (திருத்தூதர் பணிகள் 8:4) என்பதும் உண்மை. ஆனால் இதை விதியாக்காதீர்கள். தெர்த்துல்லியனும் பெர்பெத்துவாவும் சிப்ரியானும் வாழ்ந்த வட ஆப்பிரிக்கத் திருச்சபையே பின்னாளில் ஏறக்குறைய மறைந்துபோனது. மன்னாரில் 1544-இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் நூற்றுக்கணக்கான புதுக் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்ட மண்ணில் நம்பிக்கை தழைத்தது. விளைச்சல் கடவுளுடையது. துன்புறுத்தப்படும் சபைக்கு, கவலைப்படாதீர்கள் இது உங்களை வளர்க்கும் என்று தூரத்திலிருந்து சொல்வது கொடுமை. அவர்களுக்குத் தேவை உணவும் வழக்கறிஞரும் செபமும்.

நினைவு நாளை எப்படிக் கொண்டாடுவது?

பிறந்த நாளில் அல்ல, இறந்த நாளில். விண்ணகத்தில் பிறந்த நாள் அதுவே என்பது பொலிக்கார்ப்பு காலத்திலிருந்தே வழக்கம். குருவின் திருவுடை சிவப்பு. வாசகங்களுக்கு 2 மக்கபேயர் 7, சாலமோனின் ஞானம் 3:1-9, உரோமையர் 8:31-39, மத்தேயு 10:28-33, யோவான் 12:24-26 ஆகியவற்றிலிருந்து தேர்ந்துகொள்ளலாம். விசுவாசிகள் மன்றாட்டில் இன்று துன்புறுத்தப்படுவோரைச் சேருங்கள். துன்புறுத்துவோருக்கும் ஒரு மன்றாட்டு வேண்டும், மத்தேயு 5:44 அதைக் கேட்கிறது. புனிதராக அறிவிக்கப்பட்ட மறைசாட்சியின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிப்பதில்லை. அவரையே நமக்காகச் செபிக்கக் கேட்கிறோம். இன்னும் அறிவிக்கப்படாதவருக்கு இறந்தோர் திருப்பலியே சரி. ஓரியூருக்கோ காற்றாடிமலைக்கோ திருப்பயணம் போவதாக இருந்தால், போகும் வழியில் திருத்தூதர் பணிகள் 7-ஐ முழுவதும் உரக்க வாசிக்க ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.